டீசல் என்றொரு மனிதர்

நம் விடுதிக்குப் பின்னால் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் லாரிகளின் ஊர்வலம் தொடங்கிவிடும். நாமக்கல் என்று தமிழில் எழுதிய வண்டி ஒன்று கண்ணில் பட்டால், நம்மவர்களில் சிலர் மொட்டை மாடியிலிருந்தே கையசைப்பதுண்டு. அந்த லாரிகள் பலவற்றின் எரிபொருள் தொட்டியின் மேல் டீசல் என்று வெள்ளைச் சாயத்தால் எழுதியிருக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் என்பவற்றைப் போல அதுவும் ஒரு பொருளின் பெயர் என்றே நாம் படித்துவிட்டுப் போகிறோம். அது ஒரு மனிதரின் பெயர் அல்லவா? எந்த எண்ணெயையும், ஏன், நிலக்கரித் தூளையும்கூடத் தின்று செரிக்கும் ஓர் எந்திரத்தைச் செய்ய முயன்ற அவருடைய பெயர், கடைசியில் ஒரே ஓர் எண்ணெயின் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதப் புகுந்தேன்.

1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் ருடால்ப் டீசல் பிறந்தார். பிறந்த ஊர் பாரிஸ் ஆயினும் பெற்றோர் ஜெர்மானியர். தந்தை தியோடர் டீசல் பவேரியாவிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரத்தார். புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்து, தோலில் பைகளும் பணப்பைகளும் செய்து விற்றார். தாய் எலீஸ் நூரம்பர்க் நகரத்துப் பெண். செல்வம் கொழித்த குடும்பமன்று. செய்து முடித்த தோல் சாமான்களை வாடிக்கைக்காரர் வீடுகளுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது சிறுவன் ருடால்பின் வேலைகளுள் ஒன்று. சரக்கு ஏற்றிய வண்டியைத் தள்ளுவது எவ்வளவு கடினம் என்பதை அவன் தோள்கள் முதலில் அறிந்தது அப்போதுதான்.

வீட்டுக்குச் சிறிது தொலைவில் தொழிற்கலைப் பொருட்காட்சிசாலை ஒன்று இருந்தது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவன் அங்கே ஓடிவிடுவானாம். 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைக்குப் பீரங்கி இழுப்பதற்காகக் குன்யோ என்பவர் செய்த மூன்று சக்கர நீராவி வண்டி அங்கே வைக்கப்பட்டிருந்தது; இன்றும் அங்கேதான் இருக்கிறது. பெரிய செப்புக் கொதிகலத்தை மூக்கில் கட்டித் தொங்கவிட்டாற்போல் நிற்கும் அந்த வண்டியைத்தான் உலகத்தின் முதல் லாரி என்று சொல்லவேண்டும்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் பாரிசை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போய் வறுமையில் தத்தளித்தது. பன்னிரண்டு வயதுப் பையனை அங்கே வைத்துக்கொள்ள வழியில்லாமல், ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் பார்னிக்கல் வீட்டுக்குத் தனியாக அனுப்பிவைத்தார்கள். பார்னிக்கல் அவ்வூர்த் தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர். அந்த வீட்டில்தான் பையனுக்கு நிம்மதி கிடைத்தது. பதினான்காம் வயதிலேயே தான் எஞ்சினியர் ஆகப்போவதாகப் பெற்றோருக்கு எழுதிவிட்டான். 1873-இல் பள்ளியில் முதல்வனாகத் தேறினான். 1875-இல் உதவிச் சம்பளம் பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான். இனி அவரை அவர் என்றே சொல்வோம்.

மியூனிக்கில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் லிண்டே. குளிர்பதன எந்திரங்களால் உலகப் புகழ் பெற்றவர். ஒரு நாள் வகுப்பில் லிண்டே நீராவி எந்திரத்தின் கணக்கைப் போட்டுக் காட்டினார். எரிக்கும் கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட உழைப்பாக மாறுவதில்லை. மீதியெல்லாம் புகையோடும் ஆவியோடும் போய்விடுகிறது. வகுப்பில் இருந்த மற்றவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். டீசல் தம் குறிப்பேட்டின் ஓரத்தில், இதைவிட நல்ல எந்திரம் செய்யமுடியாதா என்று ஆராயவேண்டும் என ஒரு நினைவுக் குறிப்பு எழுதிவைத்தார். அது 1878-ஆம் ஆண்டு. அந்த ஓரக் குறிப்பு அவருடைய வாழ்நாள் முழுவதையும் விழுங்கிவிட்டது.

1879-இல் இறுதித் தேர்வு வரும் நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். மறு தேர்வு வரும்வரை சுவிட்சர்லாந்தில் சுல்சர் சகோதரர்களின் தொழிற்சாலையில் கைவேலை பழகினார். 1880-இல் மிகச் சிறந்த மதிப்பெண்களோடு பட்டம் பெற்று, லிண்டேயின் குளிர்பதனத் தொழிலில் சேர்ந்து பாரிசுக்கே திரும்பினார். பனிக்கட்டி செய்யும் ஆலை அமைப்பதும் நடத்துவதும் வேலை. 1883-இல் மார்த்தா என்பாரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். பகலில் பனிக்கட்டி, இரவில் எந்திரக் கனவு என்று பத்தாண்டுகள் கழிந்தன. அம்மோனியா ஆவியால் ஓடும் எந்திரம் ஒன்றைச் செய்ய முயன்று பல ஆண்டுகளை வீணாக்கினார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. அதில் தோற்றதனால்தான் ஆவியையே விட்டுவிட்டு வெறுங்காற்றின் பக்கம் திரும்பினார்.

அவர் கண்ட வழி என்ன? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு அது தெரியும். நாலு தடவை வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடுகிறது. காற்றை நெருக்கினால் சூடேறும். பதினைந்தில் ஒரு பங்காகச் சட்டென்று நெருக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். அந்தச் சமயம் பார்த்து எரிபொருளை உள்ளே தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டியதில்லை, திரி வேண்டியதில்லை. தென்கிழக்காசிய நாட்டு மக்கள் கொம்பிலும் மரத்திலும் சிறு குழாய் செய்து, உலக்கை போன்ற ஒரு தண்டை ஓங்கி அடித்துப் பஞ்சில் நெருப்பு உண்டாக்குவது இதே முறையில்தான். அத்தகைய கருவி ஒன்றை இளமையில் டீசல் கண்டிருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வதுண்டு.

தீப்பொறி வேண்டாத எந்திரம் என்பதில் ஒரு பெரிய நன்மை மறைந்திருக்கிறது. பெட்ரோல் எந்திரத்துக்கு எளிதில் ஆவியாகும் எண்ணெய்தான் வேண்டும். டீசலின் எந்திரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சூடான காற்றில் எரியக்கூடியது எதுவாயினும் சரி. டீசல் முதலில் எண்ணியது நிலக்கரித் தூளைத்தான். ஜெர்மனியில் கரி ஏராளம். மண்ணெண்ணெயோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதற்குச் சுங்கவரி வேறு. மற்றோர் எண்ணமும் அவருக்கு இருந்தது. நீராவி எந்திரம் பெரிதாக இருந்தால்தான் கட்டுபடியாகும். ஆகவே அது பெரிய ஆலைக்காரனிடம்தான் இருக்கும். நெசவாளியும் தச்சனும் தம் பட்டறையை மூடிவிட்டு அந்த ஆலைக்குக் கூலிக்குப் போகவேண்டும். சிறிய எந்திரம் மலிவாக ஓடினால் கைத்தொழிலாளி தன் வீட்டிலேயே பிழைக்கலாம் அல்லவா? தோல் தைத்துப் பிழைத்தவரின் மகனுக்கு இந்த நினைவு வந்ததில் வியப்பில்லை. 1893-இல் அவர் வெளியிட்ட நூலில் கணக்கோடு கணக்காக இந்த நோக்கமும் கூறப்பட்டிருக்கிறது.

அதே 1893-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆக்ஸ்பர்க் எந்திரசாலையின் தலைவர் ஹைன்ரிக் புஸ் துணிந்து இடங்கொடுத்தார். குருப் நிறுவனமும் பணம் போட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் முதல் சோதனை. ஆள் உயரத்துக்கு மேலான இரும்புருளையை ஆலையின் வார்ப்பட்டையால் சுழற்றிக்கொண்டே பெட்ரோலை உள்ளே விட்டார்கள். பீரங்கி வெடித்தாற்போல் ஓசை எழுந்தது. அழுத்தம் காட்டும் கருவி சுக்குநூறாகிப் பறந்தது. யாருக்கும் காயமில்லை. மற்றவர்கள் நடுங்கி நிற்க, டீசலுக்கு ஒரே மகிழ்ச்சி. தீப்பொறி இல்லாமல் பற்றிக்கொண்டதே, அதுவல்லவா வேண்டியது! 1894 பிப்ரவரி 17-ஆம் நாள் எந்திரம் முதன்முதலாகத் தன் சொந்த வலிவில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடிற்று. வார்ப்பட்டை எந்திரத்தை இழுப்பது போய், எந்திரம் வார்ப்பட்டையை இழுக்கத் தொடங்கியதை முதலில் கவனித்த தொழிலாளி, ஒன்றும் பேசாமல் தலைத் தொப்பியைக் கழற்றி நின்றார் என்பார்கள்.

அந்த ஒரு நிமிடத்துக்கும் எந்திரம் விற்பனைக்கு வரும் நிலைக்கும் இடையே மூன்றாண்டுப் பாடு கிடந்தது. டீசல் காகிதத்தில் போட்ட கணக்குகள் பல பொய்த்தன. 250 மடங்கு காற்றழுத்தம் என்று எழுதியிருந்தார். அதில் எட்டிலொரு பங்கோடு திருப்தி அடைய நேர்ந்தது. பெட்ரோல், மண்ணெண்ணெய், விளக்கு வாயு என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். நிலக்கரித் தூளோ பின்னர் சோதித்தபோது சாம்பலால் உருளையையும் வளையங்களையும் அராவித் தின்றுவிட்டது. கடைசியில் மண்ணெண்ணெயே கைகொடுத்தது. 1897 பிப்ரவரி 17-ஆம் நாள் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளவெடுத்துச் சோதித்தார். 100 பங்கு வெப்பத்தில் 26.2 பங்கு உழைப்பாக மாறியது. உலகத்தில் அதுவரை எந்த வெப்ப எந்திரமும் அந்த அளவை எட்டியதில்லை. மாணவக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிய கேள்விக்கு விடை கிடைக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

அதற்குப் பின் பணம் வெள்ளமாக வந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் உரிமம் பெற்றனர். அமெரிக்காவில் பீர் ஆலை நடத்திய அடால்பஸ் புஷ் பத்து இலட்சம் மார்க்கு கொடுத்து அந்நாட்டு உரிமையை வாங்கினார். 1898-இல் இம்மானுவேல் நோபல் வந்தார். இந்த நோபல் யார் தெரியுமா? பரிசு ஏற்படுத்திய ஆல்பிரட் நோபலின் அண்ணன் மகன். பாக்கூ எண்ணெய்க் கிணறுகளின் அதிபர். அந்நாளில் உலகத்து எண்ணெயில் பாதியை ஒட்டிய அளவு பாக்கூவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எண்ணெய் எடுப்பவரின் கையில் டீசலின் எந்திரம் சேர்ந்தவுடன் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கத் தொடங்கின. நோபலின் பீட்டர்ஸ்பர்க் ஆலை, பாக்கூவின் கச்சா எண்ணெயிலேயே ஓடும்படி எந்திரத்தைத் திருத்தி அமைத்தது. 1903-இல் வாண்டல் என்ற எண்ணெய்க் கப்பல் ருஷ்ய ஆற்றுவழிகளில் இறங்கியது. 120 குதிரைத்திறன் கொண்ட மூன்று டீசல் எந்திரங்கள் மின்சாரம் உண்டாக்க, அந்த மின்சாரம் கப்பலைச் செலுத்தியது. எண்ணெயை எரித்து எண்ணெயைச் சுமந்த முதல் டீசல் வாகனம் அதுதான். இன்று நெடுஞ்சாலையில் நாம் காணும் தொட்டி லாரிகளுக்கு அதை மூதாதை என்றே சொல்லலாம்.

வேறொரு வழியும் அப்போது திறந்திருந்தது. 1900-இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று சிறிய டீசல் எந்திரத்தை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. பார்க்க வந்தவர்கள் எண்ணெய் மாறியிருப்பதையே அறியவில்லை. இது டீசலின் யோசனை என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. யோசனை பிரெஞ்சு அரசாங்கத்தாருடையது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் கடலை ஏராளமாக விளைகிறது, கரியும் எண்ணெயும் அங்கே இல்லை, உள்ளூர் விளைபொருளைக் கொண்டே அங்கே எந்திரம் ஓட்டலாமே என்று அவர்கள் நினைத்தார்கள். (அக்காலத்தில் நம் புதுச்சேரித் துறையிலிருந்தும் மார்சேய் எண்ணெயாலைகளுக்கு நிலக்கடலை கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது.) டீசல் பின்னர் தாமே அத்தகைய சோதனைகள் செய்து பார்த்து, தாவர எண்ணெய்களுக்கும் ஒரு நாள் மதிப்பு வரக்கூடும் என்ற கருத்தை 1912-இல் வெளியிட்டார். அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணிலிருந்து பீறிட்டு வரும் எண்ணெய் கடலை எண்ணெயைவிட மலிவு. வாணிகத்தில் அதற்கு மேல் பேச்சு ஏது?

எந்திரம் செய்யத் தெரிந்தவருக்குப் பணத்தைக் காக்கத் தெரியவில்லை. மியூனிக் நகரில் மாளிகை கட்டினார். மனைகளை வாங்கி விற்கும் ஊகத்தில் இறங்கித் தோற்றார். கலீசியா நாட்டு எண்ணெய்க் கிணறுகளில் பணம் போட்டு அதையும் இழந்தார். எண்ணெய்த் தொழிலுக்கு அவர் கொடுத்த எந்திரம் பிறரைக் கோடீசுவரர் ஆக்கியது. அவர் வாங்கிய எண்ணெய்க் கிணறுகளோ அவரைக் கடனாளி ஆக்கின. இடையிடையே தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் வந்து மருத்துவ விடுதிகளில் கிடந்தார். விற்றுப் போன எந்திரங்கள் பழுதாகித் திரும்பி வந்தன. காப்புரிமை வழக்குகளும் குறைவில்லை. இங்கிலாந்தில் அக்ராயிட் ஸ்டூவர்ட் என்பவர் இவருக்கு முன்பே 1890-இல் ஒருவகை எண்ணெய் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதைக் காட்டி டீசலின் பெருமையைக் குறைக்கப் பார்த்தவர்கள் உண்டு. நியாயமாகப் பார்த்தால் ஸ்டூவர்ட்டுக்கும் உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் எந்திரத்தைத் தொடங்க வெளியிலிருந்து சூடேற்றவேண்டும். நெருக்கிய காற்றின் சூட்டையே முழுதும் நம்பியவர் டீசல்.

1903-இல் அவர் எந்திரத்தை விட்டுச் சமுதாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தொழிலாளர்கள் காசு காசாகச் சேர்த்துப் பொதுநிதி வைத்துத் தாங்களே தொழிற்சாலைகளுக்கு உரிமையாளர் ஆகவேண்டும் என்பது அதன் சாரம். 10,000 படிகள் அச்சிட்டார்கள். சில நூறு படிகளே விற்றன. கைத்தொழிலாளியின் பட்டறைக்கென்று தொடங்கிய எந்திரம் அதற்குள் மின்நிலையத்துக்கும் ஆலைக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் போய்விட்டது. அது உள்ளூர அவருக்கு உறுத்தியிருக்கும் என்றே தோன்றுகிறது. எந்திரத்தைச் சிறிதாக்கி லாரியில் வைக்க 1908-ஐ ஒட்டி முயன்றார். அது பலிக்கவில்லை. எரிபொருளை உள்ளே தூவுவதற்கு அந்நாளில் நெருக்கிய காற்று வேண்டியிருந்தது. அதற்கென்று தனியாக ஓர் அழுத்த எந்திரம் வேண்டும். அத்தனை பாரத்தையும் ஏற்றினால் லாரியில் சரக்குக்கு இடம் எங்கே?

கடலில் பாரம் ஒரு பொருட்டன்று. 1912-இல் சீலாந்தியா என்ற டேனியக் கப்பல் டீசல் எந்திரத்தோடு பாங்காக் வரை சென்றது. அதே ஆண்டு டீசல் அமெரிக்காவில் பயணம் செய்து சொற்பொழிவாற்றினார். வெளியே மாலையும் மரியாதையும். வீட்டில் கடன் பத்திரங்கள். 1913-இல் லூடர்ஸ் என்ற பேராசிரியர் டீசலின் பெருமையெல்லாம் கட்டுக்கதை என்ற பொருளில் ஒரு நூலே எழுதினார்.

1913 செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, இங்கிலாந்தில் ஒரு புதிய எந்திரசாலை தொடர்பான அலுவலுக்காக, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். உடன் தொழில் நண்பர் இருவர் இருந்தனர். மூவரும் சேர்ந்து உணவு கொண்டு, மேல்தட்டில் உலவிப் பேசினார்கள். இரவு பத்து மணிக்கு, காலை ஆறேகால் மணிக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு டீசல் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது. படுக்கை கலையவில்லை. இரவு உடை எடுத்து வைத்தபடியே கிடந்தது. தொப்பியும் மடித்த மேற்சட்டையும் கப்பலின் பின்தட்டில் கம்பிக்கருகே இருந்தன. ஏறத்தாழப் பத்து நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகினர் கடலில் மிதந்த உடலொன்றைக் கண்டனர். சட்டைப் பையிலிருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலுக்கே விட்டுவிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கூடு, மாத்திரைப் பெட்டி, பேனாக்கத்தி முதலியவற்றைப் பார்த்து அவை தந்தையாருடையவை என்று இளைய மகன் ஆய்கன் உறுதி செய்தார். வயது ஐம்பத்தைந்து.

எண்ணெய் முதலாளிகள் கொன்றுவிட்டார்கள், ஜெர்மானிய ஒற்றர்கள் கொன்றுவிட்டார்கள் என்று அன்றுமுதல் இன்றுவரை கதைகள் உலவுகின்றன. இக்கதைகளை எழுதுவோருக்கு ஒன்றை நினைவூட்டத் தோன்றுகிறது. எண்ணெய் முதலாளிகளுக்கு டீசலைக் கொல்ல வேண்டிய தேவை அப்போது இல்லை. அவருடைய எந்திரம் அவர்களுக்கு வாடிக்கைக்காரன். குறிப்பேட்டில் அந்த நாளுக்கு நேரே அவர் ஒரு சிலுவைக் குறி இட்டிருந்ததும், வங்கியில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் இருந்ததும் வேறொன்றையே சொல்லுகின்றன.

அவர் காணாத லாரி அவருக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் வந்தது. 1923-இல் பென்ஸ் நிறுவனத்தார் 5 டன் டீசல் லாரியை ஓட்டிப் பார்த்தார்கள். 1924-இல் அந்த ஆக்ஸ்பர்க் எந்திரசாலையின் வழிவந்த மான் நிறுவனமும் ஒரு லாரியைப் பொருட்காட்சிக்குக் கொண்டுவந்தது. 1927-இல் ராபர்ட் பாஷ் சிறிய எரிபொருள் பம்பை ஏராளமாகச் செய்து விற்கத் தொடங்கினார். காற்றழுத்த எந்திரம் ஒழிந்தது. பாரத்தைப் பற்றிய கவலையும் ஒழிந்தது. அதுவரை கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது, மண்ணெண்ணெய்க்குக் கீழே இறங்கும் கனத்த பகுதிக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை. லாரிகள் பெருகப் பெருக அதற்கு விலை ஏறியது, டீசல் என்ற பெயரும் ஏறியது. இன்று அமெரிக்க ஆலைகளில் 42 காலன் பீப்பாய் ஒன்றிலிருந்து 11 முதல் 13 காலன் வரை இவ்வகை எண்ணெய் வடிக்கப்படுகிறது. நம் நாட்டிலோ செலவாகும் பெட்ரோலியப் பொருள்கள் அனைத்திலும் ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டிய அளவு டீசல்தான்.

இதில் விந்தை என்னவென்றால், எண்ணெய் எடுப்பதற்கே இன்று டீசல் வேண்டும். துளையிடும் கோபுரத்தைக் கழற்றி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகப் பத்துக் கணக்கில் கனத்த லாரிகள் தேவை. கோபுரம் நின்றபின் துளைக்கும் தண்டைச் சுழற்றவும், சேற்றுக் கலவையை உள்ளே இறைக்கவும் பெரும்பாலும் டீசல் எந்திரங்களே. பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் புதிய முறையில், நீரும் மணலும் கொண்டுவர ஒரே கிணற்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட லாரி நடைகள் ஆவதுண்டு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் ஒரு வேடிக்கை நடந்தது. எண்ணெயோடு சேர்ந்து வந்த வாயுவைக் கொண்டுபோகக் குழாய் போதாமல், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வானத்தை நோக்கிக் கொளுத்திவிட்டார்கள். அந்தத் தீக்கொழுந்துகளின் வெளிச்சத்தில், வெளியூரிலிருந்து கொண்டுவந்த டீசலை ஊற்றிக்கொண்டு லாரிகள் வரிசையாக நின்றன. வீட்டில் சோற்றைக் கொட்டிவிட்டு ஓட்டலில் கடன் சொல்லிச் சாப்பிடுவதைப் போன்ற செயல்.

சில நிறுவனத்தார் விழித்துக்கொண்டார்கள். அந்த வாயுவையே அழுத்தித் துளையிடும் எந்திரங்களுக்குக் கொடுத்தார்கள். வாயு நெருக்கிய காற்றில் தானாக எளிதில் பற்றாது; ஆகவே சிறிது டீசலைத் தூவி அதைக் கொளுத்தி, அந்தச் சுடரால் வாயுவை எரிக்கிறார்கள். புதிய உத்தி என்று இதை விளம்பரம் செய்வதுண்டு. எளிதில் பற்றும் எரிபொருளின் சிறு துளியால் பற்றாத எரிபொருளைக் கொளுத்தும் முறைக்கு டீசல் 1901-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். சீனத்தில் திரவமாக்கிய இயற்கை வாயுவால் ஓடும் கனத்த லாரிகள் இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. நம் நாட்டில் அவை இன்னும் மிகக் குறைவு. தென்னாட்டுச் சமையல் எரிவாயுவைச் சுமக்கும் நாமக்கல் தொட்டி லாரிகள், முதுகில் வாயுவை ஏற்றிக்கொண்டு வயிற்றில் டீசலை ஊற்றிக்கொண்டுதான் போகின்றன. கடலை எண்ணெய்க் கதைக்கும் வாரிசு இல்லாமல் போகவில்லை. 2030-க்குள் டீசலில் நூற்றுக்கு 5 பங்கு தாவர எண்ணெய் முதலியவற்றிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கவேண்டும் என்று 2018-இல் இந்திய அரசு குறிக்கோள் வகுத்தது. காட்டாமணக்கை நம்பி இறங்கிய முந்தைய திட்டம் எதிர்பார்த்த பலன் தரவில்லை. எண்ணெய் கொடுக்கும் செடிக்கும் நீரும் உரமும் வேண்டும் என்பதை உழவர்கள் முதலிலேயே அறிந்திருந்தார்கள்.

டீசலின் முதல் ஆசை மட்டும் வேறொரு திசையிலிருந்து நிறைவேறியது. ஜப்பானில் யமாவோகா மாகோகிச்சி என்பவர், யான்மார் என்ற நிறுவனத்தை நடத்தியவர், உழவர்களும் மீனவர்களும் வாங்கத்தக்க சிறிய டீசல் எந்திரத்தை 1933-இல் செய்து முடித்தார். நம் ஊர் வயல்களில் ஆயில் எஞ்சின் என்ற பெயரில் கிணற்றுமேட்டில் நின்று நீர் இறைத்ததும் இத்தகைய சிறிய டீசல் எந்திரமே. போருக்குப் பின் யமாவோகா ஜெர்மனிக்குப் போய், டீசலுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னமும் இல்லாததைக் கண்டு வருந்தினார். ஜப்பானிலிருந்து பாறைகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, 1957-இல் ஆக்ஸ்பர்க் நகரத்துப் பூங்காவில் ஒரு கல் தோட்டம் அமைத்துக் கொடுத்தார். வழிபாட்டுக்கு நிறுத்திய நடுகற்களைப் போல அந்தப் பாறைகள் மரங்களின் நிழலில் இன்றும் நிற்கின்றன.